ஐந்தாம் அச்சம்: மாணவர் ஆக்கிய சில குறும்படங்கள்

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. இந்நான்கினையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் ஒற்றுமை புலப்படும். நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன. அணங்கு மலையிலும் நீர்த்துறையிலும் உறைவது. புலி புதரிற் பதுங்குவது. கள்வன் வழியை மறிப்பவன். இறை தனக்கு மேலே வீற்றிருப்பது. ஆதலின் அஞ்சியவனுக்கு ஓடுவதற்கோ ஒளிப்பதற்கோ பணிவதற்கோ ஒரு திசை எப்பொழுதும் உண்டு. தன்னையே தான் அஞ்சும் ஒருவனுக்கு அத்திசை இல்லை. அவ்வச்சத்தை ஆசிரியர் தனியே எண்ணினாரல்லர். அதனை ஒரு குறையாகக் கொள்ளுதல் வேண்டா. பூட்டிய அறையுள் தனியனாய் இருந்து தன் நிழலைக் கண்டு நடுங்கும் மனிதன் பிற்கால இலக்கியத்துக்கு உரியவன். நகர வாழ்வு பெற்ற பிள்ளை அவன்.

இவ்வைந்தாம் அச்சத்தைத் தனக்கெனச் சுவீகரித்துக்கொண்ட கலை திரைக்கலையாகும். உளவியல் திகிற்படம் என்று இன்று வழங்கப்படுவது அதன் விளைவே. இவ்வகைப் படத்தை மாணவர் பெரிதும் விரும்பி எடுக்கின்றனர். காரணம் வெளிப்படை. ஓர் அறை போதும். இருவர் நடித்தாற் போதும். அரசவையும் போர்க்களமும் வேண்டா. கைத்தொலைபேசியே கமெராவாகிவிட்ட இந்நாளிற் பொருட்செலவும் பெரிதன்று. ஆயினும் எளிதிற் கைக்கு எட்டுவது எளிதிற் கைநழுவுவதுமாம். கதவு கிறீச்சிடும், விளக்கு அணையும், கண்ணாடியில் ஓர் உருவம் தோன்றும், உடனே இசை அலறும். இத்தகைய படங்களைக் கண்டவர் திடுக்கிடுவர், அஞ்சுவதில்லை. திடுக்கிடுதல் செவியின் செயல், அச்சம் உள்ளத்தின் செயல் என்ற வேறுபாட்டை அறியாதார் இவ்வகைப் படத்தை ஆக்குதல் அரிது.

மாணவர் படங்களைப் பற்றி எழுதப்படும் உரைகள் பெரும்பாலும் இரு திறத்தன. பிள்ளைகளின் முயற்சிதானே என்று முதுகிலே தட்டிக்கொடுத்து அப்பாற் செல்வது ஒரு திறம். அப்பிள்ளை பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்றுவிட்டால், அவன் கிறுக்கியதெல்லாம் ஓவியம் என்று வியப்பது மற்றொரு திறம். முன்னது மாணவனை அவமதிக்கின்றது; பின்னது காண்போனை ஏமாற்றுகின்றது. ஆதலின் மாணவர் ஆக்கிய சில படங்களை, மாணவர் என்ற சலுகையும் பிற்காலப் புகழ் என்ற சலுகையும் கொடாது, படமாகவே நிறுத்து நோக்குதல் தகும். எடுத்துக்கொள்வதற்கு ஏற்றவை போலந்து நாட்டின் லொட்ஸ் நகரத் திரைப்படக் கல்லூரியில் றோமன் பொலான்ஸ்கி ஆக்கிய படங்களும், இலண்டனிற் கிறிஸ்தோபர் நோலன் ஆக்கிய 'டூடுல்பக்' என்னும் படமுமாம்.

லொட்ஸ் கல்லூரி 1948இல் நிறுவப்பட்டது. (அந்நகரின் பெயரைப் போலந்து மக்கள் 'வூச்' என்றே ஒலிப்பர்.) அந்திரே வைதா அங்கு பயின்று வெளிவந்தவர். அக்கல்லூரியின் மரப்படிக்கட்டு பாடப்புத்தகங்களைப் போலவே பேர்பெற்றது. மாணவர் அப்படிகளில் அமர்ந்து, பார்த்த படங்களைப் பற்றி ஓயாது வாதிட்டனர் என்பர். 1933இற் பிறந்த பொலான்ஸ்கி 1954 முதல் 1959 வரை அங்கு பயின்றார். யூதக் குடும்பத்தினர், சிறுவனாய் இருந்தபோதே கிறாக்கோ நகரில் நாசிகள் அடைத்த சேரியில் வாழ்ந்து தப்பியவர், தாயை அவுஷ்விற்ஸ் கொலைமுகாமிற் பறிகொடுத்தவர். அச்சம் என்பது யாது என்று எவரும் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி கற்பித்தது அதனைச் சொல்லும் முறையை. அங்கு மாணவர் முதலிற் செய்யவேண்டியவை பேச்சில்லாத சிறு பயிற்சிப் படங்கள். பேச்சை விலக்கியது பெரும் நன்மையாயிற்று. உள்ளத்தில் நிகழ்வது உடம்பின் வழியே பிறருக்குப் புலனாதலையே மெய்ப்பாடு என நம் இலக்கணம் கூறும். பேச்சு இல்லாதவிடத்து மாணவனுக்கு எஞ்சுவது அம்மெய்ப்பாடு ஒன்றே.

1957இல் ஆக்கப்பட்ட 'கொலை' என்னும் படம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஓடுவது. ஒரு கதவு திறக்கின்றது. ஒருவன் உள்ளே வருகின்றான். கட்டிலில் வேறொருவன் உறங்குகின்றான். வந்தவன் பேனாக்கத்தியை எடுத்து விரித்து, உறங்குவோன் மார்பிற் குத்துகின்றான். பின்னர் வெளியேறுகின்றான். படம் முடிந்தது. வந்தவன் யார், உறங்கியவன் யார், பகை யாது என்பன ஒன்றும் கூறப்படவில்லை.

இலக்கணப்படி நோக்கின் இது கள்வரால் வரும் அச்சமே. ஐந்தாம் அச்சத்துக்கு இங்கு இடமில்லை என்று தோன்றும். ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அஞ்சவேண்டியவன் உறங்குகின்றான். குத்தியவனோ அஞ்சவில்லை. ஆகவே படத்தினுள் அஞ்சுவோர் ஒருவரும் இலர். அஞ்சும் பொறுப்பு முழுவதும் காண்போன் தலையில் வீழ்கின்றது. உறங்குவோன் விழித்துக் கதறியிருப்பானாயின், காண்போன் அக்கதறலுக்கு இரங்கித் தன் கடனைத் தீர்த்திருப்பான். இங்கோ அவன் ஒருவனே விழித்திருக்கின்றான். அவனுக்கு மட்டுமே எல்லாம் தெரியும். அவனாற் கூவ முடியாது. ஒவ்வோர் இரவும் உறங்கச் செல்லும் எவனும் தன் கதவைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணியதை இப்படம் திருடிக் காட்டுகின்றது. காரணம் கூறாமையும் இதற்கே உதவுகின்றது. பகை கூறப்பட்டிருப்பின், அத்தகைய பகை தனக்கு இல்லை என்று காண்போன் ஆறுதல் பெறுவான். பிற்கால மாணவர் படங்கள் பல, கொலைகாரனின் இளமைத் துன்பத்தை இறுதியில் விளக்க முற்பட்டு இவ்விடத்திலேயே வழுக்கி வீழ்கின்றன. விளக்கம் அச்சத்தின் பகை.

அதே ஆண்டில் வந்த 'பற்சிரிப்பு' என்னும் படம் இதனினும் நுண்ணியது. அதுவும் இரண்டு நிமிட அளவினது. கத்தியோ குருதியோ இல்லை. மாடிக்கட்டடம் ஒன்றின் படிகளில் இறங்கும் ஒருவன், சிறு யன்னல் வழியே குளியலறையில் நிற்கும் பெண்ணொருத்தியைக் காண்கின்றான்; நின்று ஒளித்துப் பார்க்கின்றான். வீட்டிலிருந்து பாற்போத்தல்களை வெளியே வைக்க ஆள் வரும் அரவம் கேட்க, ஒன்றும் அறியாதவன்போலப் பாசாங்கு செய்கின்றான். ஆள் உள்ளே சென்றபின் மீண்டும் யன்னலை நாடுகின்றான். இப்பொழுது அவ்விடத்தில் ஓர் ஆண்மகன் நின்று பல் துலக்கிக்கொண்டிருக்கின்றான். அவனுடைய பற்கள் தெரிகின்றன.

அவ்வளவே கதை. இதனைக் கேட்போர் நகைப்பர்; காண்போரும் முதலில் நகைப்பர். நகை அடங்கியபின் ஓர் உறுத்தல் எஞ்சும். அப்பற்கள் யாரைப் பார்த்துச் சிரித்தன? பல் துலக்குவோன் அறியாமலே பல்லைக் காட்டினானா, அன்றி யன்னலுக்கு வெளியே நிற்பவனை அறிந்து காட்டினானா? படம் விடை கூறவில்லை. விடை தெரியாமை ஒளித்துப் பார்த்தவனை மட்டும் தொடவில்லை. யன்னல் வழியே கமெரா நோக்கியபோது காண்போனும் உடன் நோக்கினானல்லனோ? விலகிச் செல்ல அவனுக்கும் நேரம் இருந்தது, அவன் செல்லவில்லை. இங்கேயே ஐந்தாம் அச்சம் தலைகாட்டுகின்றது. தன் கண் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் அது. அணங்கும் விலங்கும் கள்வரும் இல்லாத ஒரு சாதாரண மாடிப்படியில், பாற்போத்தலும் பல்தூரிகையும் கொண்டு இதனை உண்டாக்கிய மாணவனின் திறமையை எந்தச் சலுகையுமின்றி மெச்சலாம்.

மெச்சும்போதே ஒரு சங்கடம் எழுகின்றது. அதனை மறைப்பது நேர்மையாகாது. இப்படத்தை ஆக்கியவர் 1977இல் அமெரிக்காவிற் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியோடு சட்டவிரோதமாகப் பாலுறவு கொண்ட குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தண்டனை விதிக்கப்படுமுன் 1978இல் அந்நாட்டை விட்டு ஓடியவர். அதனை அறிந்தபின் அந்த யன்னற் காட்சியை முன்போல இலேசான உள்ளத்துடன் பார்த்தல் இயலாது. படம் மாறவில்லை, பார்ப்பவன் மாறிவிட்டான். படத்தின் தீர்ப்பை ஆக்கியோன் குற்றத்துக்கு உறையாக்குதலும், குற்றத்தைக் கொண்டு படத்தை இல்லையென்றாக்குதலும் ஒருங்கே தவிர்க்கப்பட வேண்டியவை. இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு சங்கடப்படுதலே இங்கு தக்க நிலை.

லொட்ஸிலிருந்து நாற்பது ஆண்டுகள் கடந்து இலண்டனுக்கு வந்தால் நோலனின் 'டூடுல்பக்' எதிர்ப்படுகின்றது. அவர் பயின்றது திரைப்படக் கல்லூரியில் அன்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். அங்குள்ள மாணவர் திரைப்படச் சங்கத்தில் எம்மா தோமஸ் முதலிய நண்பரோடு கூடி, பருவகாலத்திற் பெரும்படங்களைக் காட்டிப் பணம் சேர்த்து, விடுமுறையில் 16 மில்லிமீற்றர் சுருளிற் சிறுபடங்களை எடுத்தார். பட்டம் பெற்ற பின்னரும் அந்நண்பர் குழாம் கலையவில்லை. 1997 என ஆண்டிடப்பெற்ற 'டூடுல்பக்' அக்குழாத்தின் உழைப்பிலேயே பிறந்தது. மூன்று நிமிடத்தது, கறுப்பு வெள்ளை. (தலைப்பு ஒரு பூச்சியின் பெயர். 1944இல் இலண்டன்மீது விழுந்த ஜேர்மானியப் பறக்குங் குண்டுகளுக்கு அந்நகர மக்கள் இட்ட பட்டப்பெயரும் அதுவே.)

அழுக்கடைந்த அறையொன்றில் ஒருவன் சப்பாத்து ஒன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, தரையில் ஓடும் ஏதோ ஒன்றை அடிக்கத் துரத்துகின்றான். அவன் முகத்திற் களைப்பும் வெறியும் கலந்து தெரிகின்றன. பூச்சி காணப்படவில்லை. இறுதியில் அதனை அகப்படுத்திக் குனிந்து நோக்கும்போது, அது அவனே, விரலளவான அவனே. அச்சிறு உருவமும் கையிற் சப்பாத்து ஏந்திக் கீழே எதையோ அடிக்க ஓங்குகின்றது. சிறியவன் செய்வதைச் சிறிது நேரத்தின்பின் பெரியவன் அவ்வாறே செய்கின்றான். சப்பாத்து கீழே இறங்குகின்றது, சிறியவன் நசுங்குகின்றான். அக்கணமே பெரியவனுக்குப் பின்னே அவனினும் மிகப் பெரிய முகம் ஒன்று எழுகின்றது, அதுவும் அவனே. மேலிருந்து இன்னொரு சப்பாத்து இறங்குகின்றது.

தன்னை அஞ்சித் தன்னைக் கொல்லுதல் என்ற கருத்தை இதனினும் சுருக்கமாகத் திரையிற் கூறுதல் அரிது. மெய்ப்பாட்டுக்கு நான்கு கூறுகள் உள என்று உரையாசிரியர் விளக்குவர். அஞ்சப்படும் பொருள், அதனை அறியும் பொறியுணர்வு, அதனால் உள்ளத்தெழும் குறிப்பு, உடம்பிற் காணும் விறல் என்பன அவை. பொருள் வேறு, அஞ்சுவோன் வேறு என்பது அவ்விளக்கத்தின் அடிப்படை. புலி வேறு, புலியைக் கண்டு வியர்த்தவன் வேறு. 'டூடுல்பக்' இவ்விரண்டையும் ஒன்றாக்கி, அஞ்சப்படும் பொருளுக்கும் அஞ்சுவோன் முகத்தையே வைக்கின்றது. முற்பகுதி முழுவதிலும் பூச்சியைக் காட்டாது மறைத்துவைத்தமையும் சாலச் சிறந்தது. துரத்துவோன் முகத்தையே காண்போன் நோக்கிக்கொண்டிருந்தமையால், அம்முகமே தரையிலும் காணப்படும்போது அதிர்ச்சி இரட்டிக்கின்றது.

ஆயினும் இப்படம் ஒரு கணம் பிந்தி முடிகின்றது. சிறியவன்மீது சப்பாத்து இறங்கும் தறுவாயில் முடிந்திருந்தால், தன் கையைத் தானே அஞ்சும் மனிதனோடு காண்போன் தனித்து விடப்பட்டிருப்பான். பெரிய முகம் எழுந்ததும் நிலைமை மாறிவிடுகின்றது. மேலிருந்து ஓர் அடி வருகின்றது. வாங்குபவன் கீழே நிற்கின்றான். அஃதாவது, அச்சம் மீண்டும் புறத்தே போய்விட்டது. அணங்கு திரும்பி வந்துவிட்டது. அப்பெரிய உருவமும் அவனேயன்றோ என்று வினவுவார் உளர். உண்மைதான். ஆனால் அதனை அறிவு கணக்கிட்டு அறிய வேண்டியிருக்கின்றது. கண் காண்பதோ ஓர் அரக்கனை. காண்போன் அஞ்சுவதை விட்டு, இவ்வடுக்கு மேலும் எத்துணை தூரம் செல்லும் என்று எண்ணத் தொடங்குகின்றான். புதிர் தொடங்கும் இடத்தில் அச்சம் முடிகின்றது. இரண்டாம் முறை பார்ப்போர்க்கு இக்குறை மேலும் தெளிவாகும். 'பற்சிரிப்பு' இரண்டாம் முறை பார்க்கும்போது முன்னையினும் உறுத்தும். 'டூடுல்பக்' இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு கெட்டிக்காரத்தனமாகவே நிற்கும். நோலனின் பிற்காலப் படங்களிலும் இப்புதிர் விருப்பம் அச்சத்தோடு போட்டியிடுவதைக் காணலாம்.

அக்குழாத்தினரிடம் மாணவர் கற்கவேண்டியது வேறொன்று உண்டு. 1998இல் வெளிவந்த 'பின்தொடர்தல்' என்னும் முழுநீளப் படத்தை அவர்கள் ஏறக்குறைய 3,000 பவுண் செலவில் எடுத்தனர். வாரநாட்களில் எல்லோரும் தத்தம் தொழிலுக்குச் செல்ல, சனிக்கிழமைகளில் மட்டும் படம்பிடித்து ஓராண்டளவில் முடித்தனர். படச்சுருள் விலையுயர்ந்தது, ஆகையால் ஒவ்வொரு காட்சியையும் நாடகம்போலப் பன்முறை ஒத்திகை பார்த்து, ஓரிருமுறை மட்டுமே கமெராவை ஓட்டினர். பெரும்பாலும் இயற்கை ஒளியையே கொண்டனர். சுருளின் செலவு இல்லாத இக்காலத்தில் ஒத்திகையும் இல்லாதொழிந்தது. நூறு முறை பிடித்து நல்லதைத் தெரிவோம் என்ற துணிவிற் பிடிக்கப்படும் அச்சக் காட்சி சோர்ந்து கிடக்கக் காண்கின்றோம். அச்சம் காலக்கணக்கில் உள்ளது; கதவு திறந்தபின் ஒருவன் எத்தனை கணம் நிற்கின்றான் என்பதில் உள்ளது. அதனைப் பிடித்தபின் வெட்டி ஒட்டிப் பெறுதல் எளிதன்று.

இனி, இவ்வகைப் படத்தை ஆக்கும் மாணவர் எவரும் தப்ப முடியாத வினா ஒன்று உண்டு. நடிப்போன் முகத்தில் அச்சத்தை எங்ஙனம் வருவிப்பது? நடிக்கத் தெரியாதவன் அஞ்சுவதுபோல் நடித்தாற் சிரிப்பு வருகின்றது. அவனை உண்மையாகவே அஞ்சவைத்தால் என்ன என்ற எண்ணம் ஒரு நாள் எழும்.

பொலான்ஸ்கிக்கும் அவ்வெண்ணம் எழுந்தது. 1957இல் எடுத்த 'கொண்டாட்டத்தைக் குலைப்போம்' என்பது அதன் விளைவு. மாணவர்க்குத் திறந்த வெளியில் ஒரு நடன விருந்து ஒழுங்குசெய்யப்பட்டது. இடம் அலங்கரிக்கப்பட்டது, இசைக்குழு வாசித்தது, இளைஞரும் யுவதியரும் ஆடினர். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. காடையர் கூட்டம் ஒன்றை வந்து புகும்படி நெறியாளரே முன்னரே ஏற்பாடு செய்திருந்தார். காடையர் வேலியேறிக் குதித்தனர், விருந்தினரை அடித்தனர், கமெரா ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரியார் சினங்கொண்டனர், மாணவர் கல்லூரியினின்று நீக்கப்படும் நிலைக்கு அண்மையிற் சென்று தப்பினார்.

இப்படத்தைப் புகழ்ந்தோரும் உளர். எட்டு நிமிட அளவான இப்படத்தில் முன்பாதி உண்மையிற் சிறந்ததே. விளக்குகளும் ஆட்டமும் ஒருபுறம், வேலிக்கப்பால் நிற்கும் முகங்கள் மறுபுறம் என மாறிமாறிக் காட்டப்படும்போது உள்ளம் பதைக்கின்றது. அடிதடி தொடங்கியதும் அப்பதைப்பு அற்றுவிடுகின்றது. ஏன்? ஓடுவோரும் விழுவோரும் உண்மையாகவே ஓடி விழுகின்றனர். ஆனால் கமெரா எதை நோக்குவது என்று அறியாது தடுமாறுகின்றது. யார் முகத்தில் எக்கணம் எது தோன்றும் என்று நெறியாளர் அறியார். அவர் அச்சத்தை ஆக்கவில்லை, வாடகைக்கு அமர்த்தினார். முன் கூறிய நான்கு கூறுகளை இங்கு பொருத்தினால் உண்மை புலப்படும். அஞ்சப்படும் பொருள் உண்மை, விறலும் உண்மை. அடிபட்டவனுக்கு வேண்டியவை எல்லாம் உள. காண்போனுக்கு வேண்டிய குறிப்பு மட்டும் இல்லை. கடைத்தெருவில் நிகழும் சண்டையை ஒருவன் கண்டு நின்றாற்போல அவன் நிற்கின்றான். விலக்கவும் முடியாது, சுவைக்கவும் கூடாது.

ஒழுக்கத்தின்பாற்பட்ட குற்றம் ஒருபுறமிருக்க, கலையின்பாற்பட்ட தோல்வியும் இதில் உண்டு என்பது அழுத்திக் கூறத்தக்கது. ஏனெனில் இக்காலத்து இளைஞர் பலர், தோழனை இருட்டறையில் அடைத்துவைத்தும், முன்னறிவிப்பின்றிப் பாய்ந்து அவன் கதறுவதைப் படம்பிடித்தும், இயல்பாக வந்தது என்று மகிழ்கின்றனர். ஒழுக்கம் கூறித் தடுத்தால், கலைக்காக என்பர். கலையிலும் அது தோற்றது என்பதற்கு, திறமையிற் குறையாத ஒரு மாணவன் ஆக்கிய அந்த எட்டு நிமிடமே சாட்சி. ஒன்றரை நிமிடத்தில் உறங்குவோன் ஒருவனைக் கொண்டு அவர் பெற்ற அச்சத்தை, ஒரு கூட்டம் காடையரைக் கொண்டும் பெற்றாரல்லர்.

இவ்வினாவையே கதையாகக் கொண்ட படம் ஒன்று 1996இல் ஸ்பெயின் நாட்டில் வந்தது. பெயர் 'ஆய்வேடு'. அலெஹாந்திரோ அமெனாபர் மத்ரித் நகரின் கொம்புளுத்தென்சே பல்கலைக்கழகத்திற் பயின்று, பட்டப்படிப்பை முடிக்காது விலகி, இருபத்துநான்கு வயதளவில் இதனை எடுத்தார். முழுநீளப் படமாயினும், மாணவர் உலகை மாணவப் பருவம் கழியாத ஒருவர் நோக்கிய படம். திரையில் வன்முறை என்பது பற்றி ஆய்வேடு எழுதும் மாணவி ஒருத்தி, உண்மையாகவே ஒரு பெண் கொல்லப்படும் ஒளிநாடா ஒன்றைப் பெறுகின்றாள். பார்க்க அஞ்சித் திரையை இருளாக்கி, ஒலியை மட்டும் கேட்கின்றாள். அதற்கு முன், படத்தின் தொடக்கத்திலேயே, புகையிரதத்தின் முன் ஒருவன் பாய்ந்து மாண்டுவிட, பயணிகளைப் பாராது செல்லும்படி காவலர் பணிக்கின்றனர். அவளோ வரிசையை விட்டுத் தண்டவாளத்தை நாடி மெல்ல மெல்ல நெருங்குகின்றாள். பார்க்கும் தறுவாயில் அவளை இழுத்து அகற்றிவிடுகின்றனர். காண்போனுக்கும் ஒன்றும் காட்டப்படவில்லை. காட்டியிருக்கலாமே என்று ஒரு கணம் அவன் உள்ளம் ஏங்குகின்றது. ஏங்கியதை உணர்ந்ததும் நாணுகின்றது. 'பற்சிரிப்பு' இரண்டு நிமிடத்திற் செய்ததே இங்கும் செய்யப்பட்டிருக்கின்றது. பிற்பகுதியில் ஓடுதலும் ஒளித்தலும் மிகுந்து படம் வழக்கமான துப்பறியும் கதைபோலாகிவிடுவது குறை. அத்தொடக்கக் காட்சி மட்டும் தனிக் குறும்படமாக நின்றிருந்தாலும் போதியது.

பொலான்ஸ்கி தமது தோல்வியிலிருந்து கற்றாரா என்பதை அடுத்த படங்களைக் கொண்டே அறியலாம். 1959இல் வந்த 'விளக்கு' என்னும் படத்தில், பொம்மை செய்யும் முதியவர் ஒருவரின் கடைக்கு மின்சாரம் வருகின்றது. அவர் பூட்டிச் சென்றபின் மின்னிணைப்பிலிருந்து தீப்பற்றி, பொம்மைகள் எரிகின்றன. தெருவில் மக்கள் தம்பாட்டில் நடக்கின்றனர். எரிவன பொம்மைகள், ஓர் உயிருக்கும் ஊறில்லை. ஆயினும் அக்கண்களை மறத்தல் எளிதன்று.

அதற்கு முந்திய 1958ஆம் ஆண்டின் 'இரு மனிதரும் ஓர் அலுமாரியும்' இன்னும் தெளிவான விடை தருகின்றது. கிறிஸ்தோவ் கொமேடாவின் இசையோடு பதினைந்து நிமிட அளவில் ஓடும் இப்படம், அவ்வாண்டு பிறசெல்ஸ் உலகக் கண்காட்சியையொட்டி நடந்த பரிசோதனைப் படப் போட்டியிற் பரிசு பெற்றது. கடலினின்று இருவர் கண்ணாடி பதித்த அலுமாரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரையேறி நகருள் நுழைகின்றனர். ட்ராம் வண்டியில் இடமில்லை; உணவகத்தில் இடமில்லை; விடுதியில் இடமில்லை. வழியிற் காடையர் சிலர் பெண்ணொருத்தியைப் பின்புறமாக நெருங்குகின்றனர். அவள் அலுமாரிக் கண்ணாடியில் அவர்களைக் கண்டு தப்புகின்றாள். ஏமாந்த காடையர் அவ்விருவரையும் அடிக்கின்றனர்.

அக்காடையருள் ஒருவனாக நடிப்பவர் பொலான்ஸ்கியே. முந்திய ஆண்டிற் கமெராவுக்குப் பின்னே நின்று உண்மைக் காடையரை ஏவியவர், இப்பொழுது அவர்களின் இடத்திலே தாமே வந்து நிற்கின்றார். அடி நடிப்பு, வாங்குவோன் நடிகன், எக்கணத்தில் எந்த முகம் திரும்பும் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டது. கமெரா தடுமாறவில்லை. கண்ணாடியில் அம்முகம் தோன்றும் கணத்திற் காண்போன் உள்ளம் நடுங்குகின்றது. அடிபட்ட இருவரும் எழுந்து, அலுமாரியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு மீள்கின்றனர். அங்கே மணலில் ஒரு சிறுவன் தன் வாளியாற் சிறுசிறு குவியல்களை வரிசை வரிசையாக அமைத்துக்கொண்டிருக்கின்றான். அவர்கள் பாரத்தோடு அக்குவியல்களில் ஒன்றையும் மிதியாது, இடைவெளி பார்த்துக் கால்வைத்து நடந்து, கடலுட் செல்கின்றனர்.